கண்ணைக் கட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் கேட்பது: வீட்டில் முறையாகச் செய்வது எப்படி?

மகாமகக்கரை (கும்பகோணம்):

வணக்கம். கூட்டுறவு வங்கியில் 34 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மகாமகக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பாட்டுக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு செலவே கிடையாது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லி வந்தேன். இப்போது அந்த ஒரு செலவே எல்லாவற்றையும் முழுங்கிவிடும் போலிருக்கிறது.

என்னிடம் இருப்பது 1994-ல் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் அசெம்பிள் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர். எஸ்டிகே ஐசி போட்டது. தகரப் பெட்டி, முன்பக்கம் சிவப்பு எல்இடி ஐந்து, அதில் இரண்டு எரிவதில்லை. கட்டிக் கொடுத்தவர் காலமாகிவிட்டார், பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர்களை 2011-ல் மாற்றினேன்.

போன மாதம் வெளியூரில் ஒரு ஆடியோ கடைக்குப் போனேன். ஏசி அறை, சோபா, உட்கார்ந்ததும் காபி. தனி வீணை போட்டார்கள். முதலில் சாதாரண ஸ்பீக்கர் ஒயரில், பிறகு 14,000 ரூபாய் ஒயரில். மாற்றியதும் தந்தியை மீட்டிய நாதம் அடங்குகிற இடம் அப்படியே தனியாகத் தெரிந்தது. சத்தியமாகக் கேட்டது. அடுத்து 72,000 ரூபாய்க்கு ஓர் இறக்குமதி ஆம்ப். “திரை விலகுது பாருங்க” என்றார் கடைக்காரர். எனக்கும் விலகியது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாபநாசம் தாண்டியதும் சந்தேகம் வந்தது. அவர் சொல்வதற்கு முன்பே விலகியதா, சொன்ன பிறகு விலகியதா?

கடைக்காரர் நல்ல மனிதர். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒயர், ஆம்ப் இரண்டையும் பத்து நாள் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுத்திருக்கிறார். இன்னும் எட்டு நாள் பாக்கி. அக்கா மகன் “கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேளுங்க மாமா” என்றான். நேற்று செய்தோம். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டேன், மனைவி ஒயர்களை மாற்றி மாற்றிச் சொருகினாள். எது எந்த ஆம்ப் என்று பத்துத் தடவை சொன்னதில் ஏழு சரி. எனக்கு ஒரே பெருமை. அக்கா மகன் அது குருட்டாம்போக்கு என்கிறான். மனைவியோ துண்டு இடுக்கில் பார்த்தேன் என்கிறாள். இது இரண்டாவது அவமானம்.

இதை முறையாகச் செய்வது எப்படி? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பழைய மைக்செட் (மன்னார்குடி):

வணக்கம் சார். 22 வருஷமாக மைக்செட் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாம் பார்ப்பேன். வீட்டு ஆடியோ என் தொழில் இல்லை, பைத்தியம்.

முதல் கேள்வி. இரண்டு ஆம்ப்பிலும் சத்தத்தைச் சமமாக வைத்தீர்களா? “காதாலேயே சமம் பார்த்தேன்” என்றால் அது சமமில்லை. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

என் மச்சான் வளைகுடாவிலிருந்து வரும்போது ஓர் ஆம்ப் கொண்டுவந்தான். நம் ஊர்ப் பணத்துக்கு 85,000 ஆகும். என்னிடம் இருந்தது நானே கட்டியது. 5200, 1943 டிரான்சிஸ்டர் போட்ட போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துக்குப் பத்து சொன்னான். வீடே கைதட்டியது. எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சும்மா இருக்க முடியாமல் மல்டிமீட்டரை எடுத்து ஸ்பீக்கர் முனையிலேயே வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் 2.00 வோல்ட், அவனுடையதில் 2.31. கணக்குப் போட்டால் ஒன்றேகால் டெசிபல் வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த அளவு வித்தியாசம் காதில் “சத்தம் கூட” என்று விழாது. “தெளிவாக இருக்கு”, “பாஸ் நன்றாக இருக்கு”, “பாடகர் பக்கத்தில் வந்துவிட்டார்” என்றுதான் விழும். கடையில் உங்களுக்கு விலகிய திரையும் இந்த வகைதானோ என்று எனக்குச் சந்தேகம். கடைக்காரர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஆம்ப்பின் வால்யூம் குமிழும் ஒரே இடத்தில் நின்றாலே சத்தம் ஒன்றாக இருக்காது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று இறக்கி 400 ஹெர்ட்ஸ் ஓட விடுங்கள். மலிவான மல்டிமீட்டர் வீட்டுக் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸை அளக்கச் செய்தது, ரொம்ப மேலே போனால் தப்பாகக் காட்டும். ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் முனையில் ஏசி வோல்ட் பாருங்கள். ஒன்றில் 2.00 என்றால் மற்றதில் 2.02-க்குள் நிற்க வேண்டும். நின்றதும் குமிழை யாரும் தொடக்கூடாது. நான் வீட்டம்மாவின் ஸ்டிக்கர் பொட்டில் இரண்டு எடுத்து, ஒன்றைக் குமிழிலும் ஒன்றைப் பெட்டியிலும் நேருக்கு நேராக ஒட்டிவிட்டேன். நகர்ந்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது மாற்றுகிற வேகம். மேடம் ஒயரைக் கழற்றி மறுபடி சொருக ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும். அதற்குள் முன்னே கேட்டது காதை விட்டுப் போய்விடும், மனசில் இருப்பதுதான் மிஞ்சும். எலக்ட்ரிக்கல் கடையில் நாலு போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கேளுங்கள். ஈபி, ஜெனரேட்டர் மாற்றப் போடுவார்களே அதே ஜாதி, 1-0-2 என்று மூன்று நிலை இருக்கும். இடது ஸ்பீக்கருக்கு இரண்டு கம்பி, வலதுக்கு இரண்டு, ஆக நாலு போலும் வேலை செய்யும். ப்ளஸை மட்டும் சுவிட்சில் கொடுத்துவிட்டு இரண்டு ஆம்ப்பின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி வைத்துவிடாதீர்கள். சில ஆம்ப்பில் மைனஸும் உயிருள்ள கம்பி. இந்தச் சிக்கனத்தில் எனக்கு ஒரு போர்டு புகைந்தது. அது மச்சானுடையது இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். சுவிட்சில் நடுவில் பூஜ்யம் இருப்பதால் ஒன்றை விட்ட பிறகுதான் அடுத்ததைப் பிடிக்கும், இரண்டு ஆம்ப்பும் முட்டிக்கொள்ளாது.

போனிலிருந்து ஒரு ஒய் ஒயர் போட்டு இரண்டு ஆம்ப்புக்கும் ஒரே பாட்டைக் கொடுங்கள். சுவிட்சை ஹாலில் வைக்காமல் உள் அறையில், கதவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். இந்தக் கதவை நான் லேசில் கண்டுபிடிக்கவில்லை. சத்தத்தைச் சமமாக்கிய பிறகு மச்சானுக்கு மறுபடி வைத்தேன், அப்போதும் எட்டுக்கு ஏழு சொன்னான். என் மகள்தான் சுவிட்ச் திருகினாள், அப்போது அவளுக்குப் பத்து வயசு. கவனித்துப் பார்த்தால் மாமாவின் ஆம்ப் பக்கம் திருகும்போதெல்லாம் பிள்ளை எட்டி நின்று திருகுகிறாள், கொலுசு ஒரு சிணுங்கு சிணுங்குகிறது. இவனுக்கே தெரியாமல் இவன் காது அதைப் பிடித்துவைத்திருக்கிறது! பூம்பூம் மாடு கேள்வியைப் புரிந்துகொண்டா தலையாட்டுகிறது? கயிற்றைப் பார்த்து ஆட்டுகிறது.

கொலுசைக் கழற்றி, கதவைச் சாத்தி, பதினாறு தடவை வைத்தோம். ஒன்பது சரி.

வரிசையை முன்கூட்டியே காசு சுண்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் இரண்டு. ஒன்றுக்கு அடுத்தும் ஒன்றே வந்தால்கூட பூஜ்யத்துக்குப் போய், மூன்று எண்ணி, திரும்ப வர வேண்டும். இல்லாவிட்டால் “டக்” எத்தனை முறை கேட்டது என்பதிலேயே விடை இருக்கிறது. தயார் என்பதற்குக் கதவில் ஒரு தட்டு, அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

ஃபேனை நிறுத்த வேண்டும். நம் ஊர் வெக்கையில் அது இருபது நிமிஷம் தாங்கும், அதனால் எட்டெட்டாக இரண்டு தவணை வையுங்கள். மழை நாளில் ராத்திரி வேண்டாம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். ஐப்பசியில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம், தவளைகள் ஜெயித்தன.


மாயவரம் கணக்கு டீச்சர்:

முதல் பதிவு எழுதிய சாருக்கு: உங்கள் அக்கா மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காசைச் சுண்டியே பதில் சொன்னாலும் பத்தில் ஏழோ அதற்கு மேலோ சரியாக வர 1024-ல் 176 வழி இருக்கிறது. அதாவது நூற்றுக்குப் பதினேழு. ஆறு பேர் வீட்டில் இதே சோதனை வைத்தால் ஒரு வீட்டில் உங்களைப் போல ஒருவர் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பார்.

பதினாறு தடவை வைத்துப் பன்னிரண்டு சரி என்றால் குருட்டாம்போக்கில் வர வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே. அப்போது நம்பலாம். மன்னார்குடிக்காரர் மச்சானின் ஒன்பது என்பது நூற்றுக்கு நாற்பது, அதில் ஒன்றுமில்லை. எத்தனை தடவை என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். நன்றாக வரும்போது நிறுத்துவது, வராவிட்டால் “இன்னும் நாலு” என்பது, இரண்டும் கூடாது. என் மாணவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இன்னொன்று. எதை “ஒன்று”, எதை “இரண்டு” என்று வெறுமனே ஞாபகத்தில் வைத்துச் சொல்வது கஷ்டம். ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தெரிந்தே கேளுங்கள், இரண்டைத் தெரிந்தே கேளுங்கள், பிறகு மூடிவைத்த மூன்றாவது இந்த இரண்டில் எது என்று சொல்லுங்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் மன்சன், கார்ட்னர் இருவரும் 1950-லேயே இந்த முறையை எழுதிவிட்டார்கள். ஏபிஎக்ஸ் என்று பெயர். பாட்டுக் கோப்புகளை மட்டும் ஒப்பிடுவதென்றால் கணினியில் ஃபூபார்2000 என்ற பாட்டு ஓட்டும் மென்பொருள் போதும். அதில் சேர்த்துக்கொள்ள இதற்கான இணைப்பு தனியாகக் கிடைக்கிறது, கதவும் கொலுசும் தேவைப்படாது.

பூம்பூம் மாடு படித்துச் சிரித்தேன். ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல் கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லும். கேட்பவருக்கே விடை தெரியாதபோது அது திணறியதை ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்து 1907-ல் வெளியிட்டார். விடை வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் லேசாக அசைந்திருக்கிறது, குதிரை அதைப் படித்திருக்கிறது.


வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):

எல்லாரும் மல்டிமீட்டரைக் கொண்டாடுகிறீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தோடி கேட்க ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். முப்பது விநாடி கேட்டுவிட்டு “ஒன்றா இரண்டா” என்று பரீட்சை எழுதுகிறவனுக்குப் பாட்டு எங்கே காதில் விழும்? பதற்றத்தில் நல்ல காதும் அடைத்துக்கொள்ளும். நடுவில் கரன்ட் சுவிட்சை வேறு மாட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் தாத்தா நாகஸ்வரக்காரர். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த வாத்தியம், பழகப் பழக நாதம் கூடும் என்பார். அதையும் கண்ணைக் கட்டிப் பார்ப்பீர்களா?


பழைய மைக்செட் (மன்னார்குடி):

அண்ணே, ஒரு மணி நேரம் தாராளமாகக் கேளுங்கள். ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெட்டியையும் துணி போட்டு மூடி, எது ஓடுகிறது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கண்ணைக் கட்டுவதற்கும் அவசரத்துக்கும் சம்பந்தமில்லை. சுவிட்ச் கெடுக்கிறது என்றால் அது இரண்டையும் ஒரே மாதிரிதானே கெடுக்கும்?

தாத்தா வாத்தியத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வயலினுக்கு இது நடந்திருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸில், கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 21 வயலின் கலைஞர்களை வைத்துச் செய்தார்கள். வெல்டிங் கண்ணாடியைக் கறுப்பாக்கிப் போட்டுவிட்டு, பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்கக் கூடாதென்று மோவாய் வைக்கிற இடத்தில் வாசனைத் திரவியம் தடவி வைத்தார்கள். மூன்று புது வயலின், மூன்று பழசு. பழசில் இரண்டு, பெயர் பெற்ற இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவேரி செய்தவை. வீட்டுக்கு எடுத்துப் போக எது வேண்டும் என்று கேட்டதற்குப் பழசைச் சொன்னது எட்டே பேர். மீதிப் பேர் புதுசு. வாசித்தவர்கள் எல்லாரும் தேர்ந்த கைகள், அண்ணே.

நீங்கள் பதற்றம் என்று சொன்னது மட்டும் உண்மை. எனக்கே உள்ளங்கை வேர்த்தது. அதற்குத்தான் காபி இடைவேளை.

ஸ்பீக்கர் விஷயம் வேறு. அங்கே வித்தியாசம் நிஜம், கண்ணைக் கட்டினாலும் தெரியும். ஆனால் அங்கேயும் கண் தன் வேலையைக் காட்டும். 1994-ல் டூல், ஆலிவ் இருவரும் ஸ்பீக்கர் செய்கிற ஹார்மன் கம்பெனி ஊழியர்கள் நாற்பது பேருக்கு நாலு ஸ்பீக்கரைப் பார்த்தும் பார்க்காமலும் கேட்க வைத்தார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிசுக்கும் விலை கூடியதற்கும் மார்க் ஏறியது. திரைக்குப் பின்னால் போனதும் அந்த இடைவெளி சுருங்கியது. வீட்டில் திரைக்கு மெல்லிசு எட்டு முழ வேட்டி போதும். ஜமக்காளம் வேண்டாம், ட்வீட்டரிலிருந்து வரும் கீச்சுச் சத்தத்தைத் தின்றுவிடும்.


மகாமகக்கரை (கும்பகோணம்):

எல்லோருக்கும் நன்றி. முடித்துவிட்டேன். நாளை காலை கடைக்குப் போகிறேன், அதற்கு முன் கணக்கை ஒப்படைக்கிறேன்.

சுவிட்ச் கிடைத்தது. “வீட்டில் ஜெனரேட்டரா சார்?” என்று கடையில் கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். உள் அறையில் அக்கா மகன், கையில் காசு சுண்டி எழுதிய தாள். துண்டுக்கு வேலையில்லாமல் போனதில் மனைவிக்குத் திருப்தி. கதவைச் சாத்தியது அவள்தான்.

முதலில் ஒயர். டீச்சர் சொன்ன முறையில் பதினாறு தடவை, ஏழு சரி. அந்த 14,000 ரூபாய் நாதம் என் வீட்டில் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. கேட்டது நிஜம்தானே?

அடுத்து ஆம்ப். இதைக் கேளுங்கள்: பதினாறுக்குப் பதினாறு. அக்கா மகன் தாளை நீட்டியபோது அவன் கை நடுங்கியது. மல்டிமீட்டரை மறுபடி வைத்தோம், 2.00-ம் 2.01-ம். சத்தம் சமம்தான்.

ஆனால் எனக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கே தெரியும், அதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டு ஓடும்போது இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் பிடிபடவில்லை. வீணையில் ஒரு மீட்டு முழுதாக அடங்கி அடுத்த மீட்டு வருவதற்குள் ஒரு மௌனம் வருகிறதே, அந்த இடத்தில் என் பழைய பெட்டி “ம்ம்ம்” என்று ஒரு மெல்லிய முனகல் முனகுகிறது. கோயில் யானை தூக்கத்தில் முனகுகிற மாதிரி. புது ஆம்ப்பில் அது இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிற வீட்டில் இத்தனை வருஷமாக இது என் காதில் விழவே இல்லை. கடையில் நாதம் அடங்கும் இடம் தெரிந்தது என்று எழுதினேனே, அங்கே ஏசி மெல்ல ஓடியது, பின்னணியில் முனகல் இல்லை. அதுதானோ என்னவோ.

பாட்டை நிறுத்திவிட்டு வெறும் மௌனத்தை மட்டும் எட்டு தடவை வைத்தோம். அதிலும் எட்டுக்கு எட்டு.

இப்போது கேள்வி மாறிவிட்டது. இந்த முனகலுக்கு 72,000 கொடுப்பதா?


பழைய மைக்செட் (மன்னார்குடி):

கொடுக்காதீர்கள் சார்! வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் முனகல் அதே அளவில் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் எனக்குத் தோன்றுவது ஃபில்டர் கெப்பாசிட்டர், உள்ளே வரும் கரன்ட்டைச் சீராக்குகிற பாகம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் உருளையாகப் பெரிதாக இரண்டு நிற்கும். 1994-ல் போட்டது இத்தனை வருஷச் சூட்டில் காய்ந்து போயிருக்கும். தலைப் பக்கம் உப்பியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து கண்ணால் மட்டும் பாருங்கள், கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். மேலே எழுதியிருக்கிற மைக்ரோ ஃபாரட், வோல்ட் இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள். இரண்டும் சேர்த்துச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.


மகாமகக்கரை (கும்பகோணம்):

குறைத்தாலும் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்தேன். ஒன்று இட்லி மாதிரி உப்பியிருக்கிறது. 4700 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட். உள்ளே மூடியின் பின்புறம் கட்டிக் கொடுத்தவர் பென்சிலால் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இத்தனை நாள் பார்த்ததே இல்லை.


பழைய மைக்செட் (மன்னார்குடி):

அந்த மூடியைத் துடைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை கும்பகோணத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு செட் போடுகிறேன். மத்தியானம் வருகிறேன், கெப்பாசிட்டரும் சால்டரிங் அயர்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வீணையை மட்டும் எடுத்து வையுங்கள்.